அடுப்புப் பக்கம்

1845 ஜனவரி 6, திங்கள்

உலகம் அக்டோபரில் முடிந்துவிடும் என்று நம்பி பெர்லி ஹோயிட் கிழங்கைத் தோண்டாமல் வயலிலேயே விட்டானே, அதற்கு அடுத்து வந்த ஜனவரி இது. உலகம் முடியவில்லை. முன்கூட்டியே தோண்டி நிலவறையில் போட்ட எங்கள் கிழங்கெல்லாம் அழுகி நாறியது. மண்ணுக்குள் கிடந்த பெர்லியின் கிழங்கு மட்டும் கல் மாதிரி இருந்தது. கடைசியில் ஊரே அவனிடம் போய்க் கேட்டு வாங்கித் தின்றது. "தீர்க்கதரிசனம் தப்பலை, தேதிதான் தப்பு" என்று சொல்லிக்கொண்டே அளந்து போட்டான். நியூ ஹாம்ப்ஷயரில் டெக்சாஸ் பேச்சு ஆரம்பித்ததும் அந்த இலையுதிர் காலத்தில்தான்.

எனக்கு அறுபத்தாறு வயது. பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்தது கட்சிக் கூட்டத்துக்கு மட்டும். மருமகன் ஜோத்தம் வீட்டு முன்னறைதான் ஊருக்குத் தபால் அலுவலகம். பத்திரிகைக் கட்டைப் பிரித்து ஆளுக்கு ஆள் எடுத்துக் கொடுத்துக் கொடுத்து, மேலே உள்ள பேர்களைப் பார்த்தே எழுத்து எனக்குப் பிடிபட்டது. ஆகவே கை மெதுவாகத்தான் போகும். நினைவு அப்படி இல்லை. ஐந்து வயதில் யார் எந்தக் குதிரையில் வந்தார்கள் என்று கேட்டாலும் சொல்லுவேன்.

இன்று ஜோத்தம் கோபமாக இருக்கிறான். டெக்சாஸை நாட்டோடு சேர்க்க வேண்டும், அடிமைகளோடு சேர்த்தே சேர்க்க வேண்டும் என்று கான்கார்ட் சட்டசபையில் எங்கள் டெமாக்ரட் கட்சி தீர்மானம் போட்டது. எங்கள் ஊர்ப் பிரதிநிதி சேத் கோல்பி அதற்குக் கை தூக்கவில்லை. மரம் அறுக்கும் ஆலைக்காரர், அதிகம் பேசாதவர். ஊருக்கு வந்து ஆலை வாசலில் நின்று, "மனுஷனை விக்கிறதுக்கு இன்னொரு சந்தை திறக்கிறதுக்கு என் கை வராது" என்று சொல்லிவிட்டாராம். அவ்வளவுதான். கட்சி இரண்டாகிறது.

ஜனவரி 19

கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து டைட்டஸ் பட்டறைக்குப் போனேன். டைட்டஸ் லெவிட் பீப்பாய் செய்கிறவன். லெவிட் வீட்டில் அடிமையாகப் பிறந்தவன். அந்தப் பெயர்தான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. நாங்கள் முதல் ஓட்டுப் போட்டதும் ஒரே நாள், ஒரே கட்சிக்கு.

"டேய் ஓபெட்டு, கதவைச் சாத்துடா. நீ உள்ள வர்றதுக்குள்ள பாதிக் குளிர்காலம் உள்ள வந்துடுது."

சாத்தினேன். பிப்ரவரியில் கட்சிக் கூட்டம், சேத்தை மறுபடி நிறுத்துவதா வேண்டாமா என்று அதில் முடிவு. அதைப் பற்றித்தான் பேச்சு.

"நீ எந்தப் பக்கம்?"

"இதைக் கேக்கணுமா?"

"கேக்கறேன்ல. சொல்லு."

"உன் பக்கம்தான்டா. வேற எங்க போவேன்?"

பலகையைச் சீவ ஆரம்பித்தான். பிறகு, "வயலட் உசிரோட இருந்தா எழுபது இருக்கும்" என்றான். வயலட் அவனுடைய அக்கா. இந்த மாநிலத்தில் இனி அடிமை வைத்துக்கொள்ள முடியாதோ என்ற பயம் வந்தபோது, பழைய லெவிட் அவளைத் தெற்கே போகிற ஒருவனுக்கு விற்றுவிட்டார். அந்த வண்டி போனதை வேலி மேல் உட்கார்ந்து நானும் பார்த்தேன், ஆறு வயது. அவள் தலையில் கட்டியிருந்த துணி நீலம்.

டெக்சாஸில் இருப்பாளோ என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 9

சாப்பாட்டு மேசையில் ஜோத்தம் ஆரம்பித்தான்.

"மாமா, நீங்க சாப்பிடற ரொட்டி எங்கேர்ந்து வருது தெரியுமா?"

"ஹல்டா சுட்டா."

"வாஷிங்டன்லேர்ந்து வருது. தபால் வேலையைக் கொடுத்தது கட்சி. எடுக்கணும்னாலும் கட்சிதான். கட்சிக் கமிட்டியில நான் செயலாளர். என் வீட்டு ஆளே சேத் கோல்பி பின்னாடி போனா, என்னை என்னன்னு நினைப்பாங்க?"

"சாப்பாட்டு நேரத்துல எதுக்குங்க" என்றாள் என் மகள் ஹல்டா. அவன் எழுந்து போன பிறகு, அவரைக் குழம்பை ஊற்றியபடியே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அப்பா, நான் ரெண்டு தடவை வீட்டைக் காலி பண்ணிட்டேன். மூணாவது தடவை என்னால முடியாது."

அவ்வளவுதான் சொன்னாள். ஜோத்தம் கத்தியது போய்விட்டது. இது போகவில்லை.

பிப்ரவரி 15, சனி

எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கை வரவில்லை. நாளை.

பிப்ரவரி 16

நேற்றுக் கூட்டம் பள்ளிக்கூடத்தில். பனியில் நடந்துதான் போனேன், நன்றாகவே நடந்தேன், வழியில் பெர்லியின் வண்டி சிக்கிக்கொண்டதற்குத் தோள் கூடக் கொடுத்தேன். இதை எழுதி வைக்க வேண்டும்.

தலைவர் மட்ஜெட். ஊரில் நியாயம் சொல்லுகிறவர், கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். எங்கள் ஊர் வழக்கம், குரல் ஓட்டில் சந்தேகம் வந்தால் ஆளைப் பிரித்து நிறுத்துவது. ஆமாம் என்கிறவர்கள், குளிர்காய வைத்திருக்கிற அடுப்புப் பக்கம். இல்லை என்கிறவர்கள் கதவுப் பக்கம். தலைவர் நடுவில் தடியோடு நடந்து எண்ணுவார். கால் முடியாத கிழவர்கள் எழுந்திருக்க வேண்டாம். எந்தப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்களோ அந்தப் பக்கக் கணக்கு. இது என் தாத்தா காலத்திலிருந்து.

நான் கதவுப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது வருஷமாக என் இடம் அது. வேறு காரணம் கிடையாது. எழுந்து போகலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக.

"சேத் கோல்பியை மறுபடி நிறுத்தணும்னு சொல்றவங்க அடுப்புப் பக்கம் போங்க."

சேத் போனார். அவர் தம்பி போனான். பெர்லி போனான். செருப்புக்கார நாத்தன், கோர்லிஸ் சகோதரர்கள், இன்னும் சிலர். டைட்டஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போய், அடுப்புக்குப் பக்கத்தில் திரும்பி நின்றான். தனக்கு இடது பக்கம் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நின்றான். என்னைப் பார்த்தான்.

எழுந்தேனா? எழுந்திருக்க பெஞ்சில் கையை ஊன்றினேன். அதை மட்ஜெட் பார்த்துவிட்டார். சிரித்துக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கும்படி, அன்பாகக் கேட்டார்:

"ஓபெட் பெரியவரே, கால் எப்படி இருக்கு?"

கதவை ஒட்டி ஜோத்தம் நின்றான். அவன் கையில் பென்சில். அவன் என்னைப் பார்க்கவில்லை, பென்சிலையே பார்த்தான். எனக்கு ஹல்டா அவரைக் குழம்பு ஊற்றிய கரண்டிதான் கண்ணில் வந்தது.

"வலிக்குது" என்றேன்.

"உட்காருங்க, உட்காருங்க. இந்த வயசுல எதுக்குச் சிரமம்."

தடி என் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போனது. கதவுப் பக்கம் ஓர் ஆள் அதிகம். ஒரே ஆள். நான் எழுந்து போயிருந்தால் அதே ஒன்று அந்தப் பக்கம்.

சேத் மேலங்கியைப் போட்டுக்கொண்டார். "சரி, நாங்க தனியா நின்னுக்கறோம்" என்றார். அடுப்புப் பக்கம் நின்ற எல்லாரும் அவர் பின்னால் வெளியே போனார்கள். ஜெயித்தவர்கள் குளிரில் கதவோரம் நின்றவர்கள் ஆயிற்றே. முண்டியடித்து அடுப்பைச் சுற்றி வந்து கை காய்ந்தார்கள். "வாங்க மாமா, காயுங்க" என்று ஜோத்தம் கூப்பிட்டான். எழுந்தேன். எழுந்தவுடன் ஞாபகம் வந்தது — நொண்ட வேண்டும்.

நொண்டினேன். அடுப்பு வரைக்கும்.

பிப்ரவரி 17

ஹல்டா வாத்துக் கொழுப்பைச் சூடாக்கி என் முழங்காலில் தேய்த்தாள். நல்ல முழங்கால். "இங்கயாப்பா?" என்று அமுக்கிப் பார்த்தாள். ஆமாம் என்றேன். "முன்னாடியே சொல்லக் கூடாதா, கம்பளித் துணி பின்னிக் கொடுத்திருப்பேனே." இப்போது பின்னுகிறாள். சாம்பல் நிறத்தில்.

பிப்ரவரி 23

கோயில் வாசலில் டைட்டஸ். நான் கை நீட்டினேன். அவன் தொப்பியை எடுத்துத் தலை தாழ்த்தினான்.

"நல்லா இருக்கீங்களா, ரேண்ட் ஐயா?"

என் குடும்பப் பெயரைச் சொல்லி ஐயா என்கிறான்; அறுபது வருஷத்தில் இந்த வாயிலிருந்து எனக்கு ஒரு 'ங்க' வந்ததில்லை. என்னை ஆற்றில் தள்ளி விட்டவன், என் கல்யாணத்தில் பிடில் வாசித்தவன், என் மனைவியின் சவப்பெட்டிக்குப் பலகை இழைத்தவன். பக்கத்தில் நின்றவர்களுக்கு எதுவும் தோன்றியிருக்காது. மரியாதையாகப் பேசுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். நொண்டிக்கொண்டே படி இறங்கினேன்.

மார்ச் 2

ஆலை ரோட்டில் எதிரே வந்தான். கையில் பீப்பாய் வளையங்கள். நின்று பார்த்தான்.

"ரேண்ட் ஐயாவுக்கு இன்னிக்கு எந்தக் கால்?"

குனிந்து பார்த்தேன். நான் இடது காலை இழுத்துக்கொண்டிருந்தேன். கம்பளித் துணி வலது முழங்காலில்.

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

மார்ச் 11, ஊர்த் தேர்தல்

சேத் கட்சியை விட்டுத் தனியாக நிற்கிறார். சுயேச்சை டெமாக்ரட் என்கிறார்கள்; ஜோத்தம் துரோகிகள் என்கிறான். மூன்று நிறத்தில் சீட்டு: எங்கள் கட்சிக்கு ஒன்று, எதிர்க்கட்சியான விக் கட்சிக்கு ஒன்று, சேத்துக்கு ஒன்று. ஜோத்தம் வாசலிலேயே எங்கள் கட்சிச் சீட்டை என் கையில் கொடுத்தான். சேத்தின் சீட்டு முன்பே என் சட்டைக்குள் இருந்தது. கைக்குட்டை எடுப்பது போல எடுத்து, மடித்து, பெட்டியில் போட்டேன். கட்சிச் சீட்டை வீட்டுக்கு வந்து அடுப்பில் போட்டேன். திருடன் மாதிரி இருந்தது. ஆனாலும் நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

பாதிக்கு மேல் யாருக்கும் வரவில்லை. பாதிக்கு மேல் வராவிட்டால் யாரும் ஜெயித்ததாகாது என்பதுதான் சட்டம். பொழுது சாயும்வரை திரும்பத் திரும்பப் போட்டார்கள், அப்படியே நின்றது. இந்த வருஷம் எங்கள் ஊர் கான்கார்டுக்கு யாரையும் அனுப்பவில்லை. சேத்தின் நாற்காலி காலி.

பிப்ரவரியில் கட்சியே அவரை நிறுத்தியிருந்தால், பழக்கத்தால் ஓட்டுப் போடுகிறவர்கள் எல்லாரும் அவருக்கே போட்டிருப்பார்கள். இது எனக்குத் தெரிகிறது. தெரியாமல் இருந்தால் தேவலை.

மார்ச் 12

பட்டறைக்குப் போனேன். கதவை நானே சாத்தினேன்.

"நேத்து சேத்துக்குத்தான் போட்டேன். உனக்குச் சொல்லணும்னு வந்தேன்."

"யார் பார்த்தா?"

"யாரும் பார்க்கலை. பெட்டியிலதானே போட்டேன்."

"அப்ப பெட்டிக்குத்தான் சொல்லணும். நான் என்ன பண்ண?"

"டைட்டஸ், டேய்… ஹல்டாவுக்காகடா. எம் பொண்ணு நடுத்தெருவுல நிக்கும்டா."

வேலையை நிறுத்தினான். "தெரியும்" என்றான். "ஹல்டா நல்ல பொண்ணு. இதை நீங்க முன்னாடியே வந்து சொல்லியிருந்தா, வராதீங்க, வீட்டுலயே இருங்கன்னு நானே சொல்லியிருப்பேன். வராத ஆளை எண்ண மாட்டாங்க. சமமா நின்னிருக்கும். மறுபடி ஒரு கூட்டம் போட்டிருப்பாங்க." பிறகு, "நான் இடம் விட்டு நின்னேன். எல்லாரும் பார்த்தாங்க. அந்த இடம் காலியாவே இருந்தது."

உட்காரச் சொல்லவில்லை. ஸ்டூல் அங்கேதான் இருந்தது. நான் எப்போதும் உட்காருகிற ஸ்டூல்.

வீட்டிலேயே இருந்திருக்கலாம். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? மானமாகப் போய் உட்கார வேண்டும் என்று போனேன். போய் உட்கார்ந்தேன்.

மே 20

தபால் அலுவலகத்தைப் பிடுங்கி மட்ஜெட்டின் தம்பி கடைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மே 21

ஜோத்தம் காலையிலிருந்து முன்னறையிலேயே உட்கார்ந்திருந்தான். சாயங்காலம், "இத்தனை வருஷம் செயலாளர். ஒரு வார்த்தை கேட்டாங்களா? மட்ஜெட்டுக்குத் தம்பி இருக்கான், அவ்வளவுதான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். பாவமாகத்தான் இருந்தது. ஹல்டா முன்னறையைக் கழுவிவிட்டாள். வீட்டைக் காலி செய்யவில்லை, இரண்டு பசுவும் தோட்டமும் இருக்கின்றன, பிழைத்துக்கொள்வோம் என்கிறாள். மூன்றாவது தடவை முடியாது என்று சொன்னவள் இவள்தான். முடிகிறது அவளுக்கு.

அப்படியானால் நான் எதைக் காப்பாற்றினேன்?

மே 25

இன்று நொண்டவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. ஹல்டா கூட.

1846 ஜனவரி 11

டெக்சாஸ் சேர்ந்துவிட்டது. அடிமை மாநிலமாகவே. பத்திரிகை வாங்க மட்ஜெட் கடைக்கு நானே போக வேண்டியிருக்கிறது இப்போது. கடை வாசலில் டைட்டஸ் நின்றான். அவனுக்கு வாசிக்கத் தெரியும், என்னை விட நன்றாக. ஆனாலும் பத்திரிகையை என்னிடம் நீட்டி, "கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க ஐயா" என்றான்.

படித்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி, மெதுவாக, சத்தமாக. கடையில் நாலு பேர் நின்று கேட்டார்கள். முடிவு வரைக்கும் படிக்க வைத்தான். பிறகு பத்திரிகையை வாங்கி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஓர் ஆள் டெக்சாஸை நிறுத்தியிருக்க முடியாது. எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அதனால் என்ன?

மார்ச் 10

சேத் ஜெயித்தார். விக் கட்சிக்காரர்களும் எங்கள் ஆட்களில் பாதிப் பேரும் சேர்ந்து போட்டார்கள். பக்கத்து ஊர்களிலும் இப்படித்தான் என்று மதியமே செய்தி வந்துவிட்டது. ஜோத்தம் இந்தத் தடவை சேத்தின் சீட்டை வாசலில் நின்று விநியோகித்தான். தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினான்.

பிறகு ஒரு தீர்மானம், அடிமைத்தனம் இனி ஓர் அடி கூட நகரக் கூடாது என்று. ஆளைப் பிரித்தார்கள். இது ஊர்க் கூட்டம், கோயிலில், அடுப்பு தென்பக்கம். நான் எழுந்தேன். முதல் ஆளாகப் போக வேண்டும் என்று ராத்திரியே நினைத்திருந்தேன். நான் நிமிர்வதற்குள் கூட்டமே எழுந்து போகிறது. மட்ஜெட்டின் தம்பி கூடப் போகிறான். நடுவழியில் என்னை இடித்துத் தள்ளினார்கள். ஆட்டு மந்தையில் ஓர் ஆடு போலப் போய்ச் சேர்ந்தேன்.

டைட்டஸ் சுவரோரம் நின்றான். நகர்ந்து கொடுத்தான்.

"வாங்க ஐயா. இடம் நிறையா இருக்கு."

அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் டேய் என்றிருப்பான்.

1856 செப்டம்பர் 14

பத்து வருஷமாக இதைத் திறக்கவில்லை. எழுபத்தேழு ஆகிறது. கண் சுமார், கை நடுங்குகிறது. இன்று எழுதியாக வேண்டும்.

அடிமைத்தனத்துக்கு எதிராக ஒரு புதுக் கட்சி வந்து நம் மாநிலத்தையே பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் ஊர் மைதானத்தில் பெரிய கூட்டம், பந்தல், பேண்டு வாத்தியம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பள்ளிக்கூடத்தில் அடுப்புப் பக்கம் போய் நின்றவர்களை மேடையில் உட்கார வைக்கப் போகிறார்களாம். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது என்கிறார்கள். இப்போது ஊரில் யாரைக் கேட்டாலும் அன்றைக்கு அடுப்புப் பக்கம்தான் நின்றிருக்கிறார்கள். அத்தனை பேர் நிற்க அந்தப் பள்ளிக்கூடத்தில் தரை கிடையாது. போன வாரம் விருந்தில் ஜோத்தம் சொன்னான்: "அப்ப அடுப்புச் சூடு தாங்கலைங்க, மேலங்கியைக் கழட்டிட்டேன்." ஹல்டா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

கமிட்டியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். வெளியூரிலிருந்து குடியேறிய வக்கீல், விக்கின் என்று பேர், நல்ல மாதிரி.

"பெரியவரே, உங்க ஞாபக சக்தியைப் பத்தி எல்லாரும் சொல்றாங்க. ஆளுக்கு ஒரு பேரு சொல்றாங்க, எதை எழுதறதுன்னு தெரியலை. உங்க மருமகன் பேரு இருக்கு. உங்க பேரையும் முதல்ல போட்டிருக்கேன். மத்தவங்களைச் சொல்லுங்க."

"ரெண்டையும் அடிச்சிடுங்க."

"ஏன்?"

"அவன் கதவுப் பக்கம் பென்சில் வெச்சிக்கிட்டு நின்னான். நான் உட்கார்ந்திருந்தேன்."

"உடம்பு முடியாம…"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அடித்தார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது, ஹல்டா கேட்டுக்கொண்டிருந்தாள்.

சொன்னேன். அவர்கள் நடந்து போன வரிசையிலேயே சொன்னேன். சேத் கோல்பி, இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் நெஞ்சு வலியில் போனார். அவர் தம்பி ரூபன், தங்கம் தோண்டக் கலிபோர்னியா போய்க் காய்ச்சலில் செத்தான். பெர்லி ஹோயிட், உலக முடிவைப் பார்க்காமலே. செருப்புக்கார நாத்தன். கோர்லிஸ் சகோதரர்கள், ஒரே வாரத்தில் இரண்டு பேரும். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஒவ்வொரு பேருக்கும் விக்கின், "இருக்காரா?" என்றார். "இல்லை" என்றேன். எழுதிக் கோடு போட்டார். தாள் முழுக்கக் கோடு.

"அப்ப மேடையில யாரைத்தான் உட்கார வைக்கிறது? ஒருத்தர் கூட இல்லையா?"

"ஒருத்தன் இருக்கான். நாற்காலி ஒண்ணு போதும். நடுவுல போடுங்க."

"யாரு?"

"டைட்டஸ் லெவிட்."